சட்டையை மட்டும் கீறிய பிள்ளை

ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே கோபம் வரும். என் உத்தியோகம் முழுவதும் ஐந்து வயதுப் பிள்ளைகளோடுதான் போனது. அவர்களிடம் சரியாகக் கேட்கத் தெரியாத பெரியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் மன்னார்த் தீவில், கீரிக் கடற்கரையில் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு இளம் ஆசிரியைகள் வந்தார்கள். நான் படிப்பித்த அதே பள்ளிக்கூடத்தில் இப்போது அரிவரி வகுப்பு எடுப்பவர்கள். அரிவரி என்றால் பிள்ளை முதன்முதல் காலடி வைக்கும் வகுப்பு. இனிமேல் அந்த வகுப்பில் யாரையும் மறித்து வைக்கக் கூடாது, எல்லாரையும் முதலாம் வகுப்புக்கு ஏற்றிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். ஒருத்திக்கு அதில் சந்தோஷம், மற்றவளுக்குக் கவலை. "உங்கட காலத்தில யாரை ஏத்துறது, யாரை மறிக்கிறது எண்டு எப்பிடி முடிவெடுத்தனீங்கள் ரீச்சர்?" என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கினேன். தேத்தண்ணி ஆறிப்போனது, கதை முடியவில்லை. மிச்சத்தை எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. இரண்டாவது உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. கடற்தொழிலாளி வீட்டுப் பெண்ணாகிய நான் ஆசிரிய கலாசாலைக்குப் போனதே ஊரில் பெரிய புதினம். அதுவரை பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஊருக்குத் தெரிந்த தத்துவங்கள் இரண்டு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது ஒன்று, அடியாத மாடு படியாது என்பது மற்றது. இரண்டுக்கும் பிரம்பு போதும். கலாசாலையிலோ வேறு கதை சொன்னார்கள். பிள்ளை ஒரு செடி, அது தானாக வளரும், ஆசிரியர் தோட்டக்காரர் என்றார் ஒருவர். பிள்ளை கையால்தான் யோசிக்கும், கைக்கு வேலை கொடுங்கள் என்றார் இன்னொருவர். பிள்ளையின் மனம் படிப்படியாக ஏறும், ஒரு படியை விட்டுவிட்டு அடுத்த படிக்கு இழுத்தால் விழுந்துவிடும் என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் எழுதிப் பாடமாக்கிச் சோதனை பாஸ் பண்ணினேன். ஒன்றையும் முழுசாக நம்பவில்லை. மன்னாரில் செடி தானாக வளர்ந்தால் அதை ஆடு தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும்.

என்னை நியமித்தது மன்னார்ப் பட்டினத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் ஒரு கலவன் பாடசாலைக்கு. கத்தோலிக்கப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்க வந்த யாழ்ப்பாணத்தாரின் பிள்ளைகள் எல்லாம் ஒரே மண்டபத்தில் இருந்து சத்தம் போடும் இடம். அதன் தலைமை ஆசிரியை மிஸ் சின்னத்தம்பி. யாழ்ப்பாணத்து மனுஷி, கலியாணம் கட்டாதவர், உயரமானவர். தூரத்தில் அவர் வருவதைக் கண்டால் வாசலில் படுத்திருக்கும் கழுதைகூட எழும்பி வழி விடும் என்று ஆசிரியர்கள் பகிடி பண்ணுவார்கள். அவரைப் பார்த்து நானும் பயந்தேன், முதல்நாள் மட்டும்.

இரண்டாம் நாள், தாயை விட்டுப் பிரிய மாட்டேன் என்று ஒரு பெடியன் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினான். மிஸ் சின்னத்தம்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு மணல் தரையில் முழங்காலில் நின்றார். அப்போதுதான் அவருடைய முகமும் பெடியனுடைய முகமும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அவனோடு சேர்ந்து தானும் தூணைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையோடு கதைக்கும்போது ஒருநாளும் அவர் குனிந்து கதைத்ததில்லை, முழங்காலில்தான் நிற்பார். அவருடைய சேலைகள் எல்லாம் முழங்கால் படும் இடத்தில் வெளிறிப் போயிருக்கும்.

எங்களோடு கதைக்கும் விதம் வேறு. எந்த ஆசிரியை போய் எந்தப் பிள்ளையைப் பற்றி முறையிட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நீர் பாத்தனீரோ, நினைச்சனீரோ?"

இந்தப் பிள்ளை சோம்பேறி என்று சொன்னால், அது நினைத்தது. இந்தப் பிள்ளை பத்து மணிக்குப் பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறது என்று சொன்னால், அது பார்த்தது. பார்த்ததைச் சொன்னால்தான் காது கொடுப்பார். பிறகு பார்த்தால், அந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் விளையாடித்தான் படிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கலாசாலையில் எங்களுக்குக் காட்டிய வர்ணக் கம்பளிப் பந்துகளையும் மரக்கட்டைகளையும் தருவித்தார். மன்னார் வெயிலில் கம்பளிப் பந்தைத் தொட ஒரு பிள்ளைக்கும் விருப்பமில்லை. மஞ்சள் பந்தை ஆடு கொண்டுபோய்விட்டது. அதற்கிடையில் பெற்றோர் முறைப்பாட்டோடு வந்தார்கள். கீரியிலிருந்து வந்த ஒருவர் எனக்குச் சொந்தமும்கூட. வாசலில் நின்று சத்தம் போட்டார். "மணலில விளையாடுறதுக்கே பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்புறம்? எங்கட கரையில மணலுக்கு என்ன பஞ்சம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்று மிஸ் சின்னத்தம்பியே சொன்னார். அடுத்த வாரம் முழுக்க, இடைவேளையில் பிள்ளைகள் தாங்களாகவே என்ன விளையாடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மீன் சந்தை விளையாடினார்கள். சிப்பிகளைக் கூறு கூறாகக் குவித்து வைத்து, ஒருவன் ஏலம் கூற, மற்றவர்கள் விலை கேட்டார்கள். கூறு சமமில்லை என்று சண்டை வந்தால், கலைத்துத் திருப்பிப் பங்கு வைத்தார்கள். எண்ணத் தெரியாத பிள்ளைகூட எந்தக் கூறு பெரிசு என்பதில் ஏமாறவில்லை. மறுநாளே கம்பளிப் பந்துகள் அலுமாரிக்குள் போயின, சிப்பிக் கூறுகள் கணக்குப் பாடத்துக்குள் வந்தன. சத்தம் போட்ட என் சொந்தக்காரர், மகன் வீட்டில் மீனைப் பங்கு வைத்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். புத்தகத்தில் இருந்த தத்துவம் எங்கள் ஊர்ச் சாமான்களோடு சேர்ந்தால் வேலை செய்யும் என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இப்படிப்பட்ட மனுஷிதான் ஒரு பெரிய பிழை விட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பிழையை அவர் திருத்திய விதத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விடுமுறையில் கொழும்புக்கு ஒரு விரிவுரைக்குப் போய்விட்டு அவர் ஒரு புது முறையோடு திரும்பி வந்திருந்தார். பிள்ளையிடம் படம் கீற ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "ஓர் ஆளைக் கீறு" என்று சொல்ல வேண்டும். வேறு உதவி செய்யக் கூடாது. கீறி முடித்த பிறகு எண்ண வேண்டும். தலை இருக்கிறதா, கண் இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா, கை தோளில் இருந்து வருகிறதா, வயிற்றில் இருந்து வருகிறதா, விரல் எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கூட்டினால் பிள்ளையின் மனதுக்கு என்ன வயது என்று வந்துவிடும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை எவ்வளவு கவனித்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

"கதைக்காத பிள்ளைக்கும் இது நீதி செய்யும்," என்று மிஸ் சின்னத்தம்பி எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "வாயாடிப் பிள்ளையள் எப்பிடியும் மேல வந்திடும். பயந்த பிள்ளைக்காகத்தான் இது."

வருஷ முடிவில் வகுப்பேற்றத்துக்கு மூன்று விஷயம் பார்ப்போம். வாயால் கதை சொல்வது, சிப்பிகளைச் சத்தமாக எண்ணிக் காட்டுவது, ஆள் கீறுவது. முதல் இரண்டிலும் தவறினாலும் படம் நன்றாக இருந்தால் ஏற்றிவிடுவார். மூன்றிலும் தவறினால் மறிப்பார். முதல் வருஷம் அப்படி மறிபட்டவன் கச்சேரி கிளாக்கரின் மகன் இராசன். திக்கு வாய். அவன் கீறிய ஆளுக்குத் தலையும் இரண்டு கோடும் மட்டும்தான் இருந்தன. கிளாக்கர் வந்து நயமாகக் கேட்டார், பிறகு மிரட்டிக் கேட்டார். மிஸ் சின்னத்தம்பி அசையவில்லை.

அடுத்த வருஷம் என் வகுப்புக்கு வந்தவள் சுலைகா. தகப்பன் அசன் நானா கொண்டச்சி ஊர்க்காரர், கரத்தை என்ற மாட்டு வண்டி வைத்திருப்பவர். அந்தப் பக்கத்து நெல்லையும் விறகையும் கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி வழியாக மன்னார்த் தீவுக்குக் கொண்டுவந்து விற்பார். தொழில் வசதிக்காகக் குடும்பத்தைப் பட்டினத்துக்குக் கூட்டி வந்து, முஸ்லிம்கள் இருக்கும் சோனகத் தெருவில் ஒரு சின்ன வீட்டில் வைத்திருந்தார். சுலைகா வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒரு நாள், ஒரு கிழமை இல்லை, ஒரு வருஷம். கூப்பிட்டால் வருவாள், சொன்னால் செய்வாள், கேட்டால் நிலத்தைப் பார்ப்பாள். நான் பாட்டுப் பாடிப் பார்த்தேன், பொம்மையைக் கதைக்க வைத்துப் பார்த்தேன், கதைக்காமலே விட்டும் பார்த்தேன். மிஸ் சின்னத்தம்பி, "பழம் மரத்திலயே பழுக்கட்டும், நீர் தடியால அடிக்காதையும்," என்றார். பழுக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

வருஷக் கடைசியில் அசன் நானா பிள்ளையை விட வந்தபோது வாசலில் என்னை மறித்துக் கதைத்தார். மரியாதையான மனுஷன், நிலத்தைப் பார்த்துத்தான் கதைப்பார்.

"ரீச்சர், இந்த முறை பிள்ளைக்கு வகுப்பேத்தம் கிடைக்குமோ?"

"பாப்பம் நானா. இன்னும் சோதனை முடியேல்ல."

"நான் ஒண்டும் வற்புறுத்த வரேல்ல ரீச்சர். படிப்பு எல்லாருக்கும் ஏறாதுதானே. ஏறாட்டி, பள்ளித் தவணை முடிய ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவம். வீட்டில கைப்பிள்ளை இருக்கு, உம்மாவுக்கு உதவியா நிக்கட்டும். பொம்பிளைப் பிள்ளை, ஒரே வகுப்பில ரெண்டு வருஷம் இருந்தா சனம் சிரிக்கும்."

கொண்டச்சிக்குப் போன பெண் பிள்ளை திரும்பிப் பள்ளிக்கூடம் வரமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆள் கீறும் நாள் வந்தது. மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குச் சிலேட்டுதான். அன்றைக்கு மட்டும் தாள். ஆகையால் பெரிய கொண்டாட்டம். ஒருத்தி தாளை மோந்து பார்த்தாள். ஒருவன் பென்சிலை நக்கிப் பார்த்தான். முஸ்லிம் பெடியன்கள் இரண்டு பேர் தாடி, தொப்பி, கையில் பிரம்பு எல்லாம் வைத்து ஓர் ஆளைக் கீறி, அது குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஓதப் பள்ளி லெப்பை என்று சொல்லிச் சிரித்தார்கள். இராசன் வந்து நீட்டிய தாளைப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். பத்து விரல், இரண்டு காது, சட்டைக்குப் பொத்தான், சப்பாத்துக்குக் குதி. தகப்பன் ஒரு வருஷமாக வீட்டில் வைத்து ஆள் கீறப் பழக்கியிருக்கிறார்! கணக்குப்படி அவனுடைய மனதுக்கு ஒரே வருஷத்தில் நாலு வயது ஏறியிருந்தது. மிஸ் சின்னத்தம்பி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தாள் கட்டின் அடியில் வைத்தார்.

சுலைகா கடைசியாகக் கொடுத்தாள். அவளுடைய தாளில் ஆள் இல்லை. ஒரு கொடி இருந்தது. கொடியில் ஒரு சட்டை, இடுப்பில் கட்டும் ஒரு சாரன், ஒரு தொப்பி காய்ந்துகொண்டிருந்தன. சட்டையின் ஒரு பொத்தான் வேறு அளவு. சாரனில் கோடுகள் சரியாகப் போயிருந்தன, மூட்டிய இடத்தில் மட்டும் கோடு பிசகியிருந்தது. ஆனால் தலை இல்லை, கண் இல்லை, கை இல்லை, கால் இல்லை. முறைப்படி எண்ணினால் ஒரு புள்ளியும் கிடையாது.

"மிஸ், இந்தப் பொத்தானைப் பாருங்கோ," என்றேன். "இவ்வளவு கவனிக்கிற பிள்ளைக்கு ஆளைக் கீறத் தெரியாமல் இருக்குமோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "நான் போன வருஷம் கிளாக்கரின்ர மகனை இதே தாளை வைச்சுத்தான் மறிச்சனான். இப்ப உமக்குப் பிடிச்ச பிள்ளை எண்டு இதை விட்டால், அது நீதி இல்லை. ஆளுக்கு ஒரு அளவுகோல் வைச்சிருக்க ஏலாது."

"அப்ப பிள்ளையின்ர படிப்பு இதோட முடிஞ்சுது மிஸ். அசன் நானா கூட்டிக்கொண்டு போயிடுவார்."

அவருடைய முகம் வாடியது. பிடிவாதக்காரிதான், கல்நெஞ்சுக்காரி இல்லை. ஒரு பிள்ளையை மறிப்பதற்கு முதல் அந்த வீட்டுக்குத் தானே போய்ப் பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய முறை. "பின்னேரம் போவம், நீரும் வாரும்," என்றார்.

சோனகத் தெருவில் அவர்களுடைய வீடு சின்னது, சுத்தமானது. எங்கள் கத்தோலிக்க வீடுகளில் கதவைத் திறந்தவுடன் திருவிருதயப் படமும் அந்தோனியார் படமும் பார்க்கும். இங்கே சுவரில் சுண்ணாம்பு மட்டும்தான். வாசலில் கரத்தை நின்றது. அசன் நானா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் இருந்து உட்கார ஒரு கதிரை வாங்கி வந்தார். மிஸ் சின்னத்தம்பி அதில் இருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பாயில் விளையாடிக்கொண்டிருந்த சுலைகாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றார். அசன் நானாவுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்காரி கைப்பிள்ளையோடு கதவோரம் வந்து நின்றார்.

மிஸ் தாளை விரித்தார். "இது ஆரின்ர சட்டை?"

சுலைகா நிலத்தைப் பார்த்தாள். நாங்கள் காத்திருந்தோம். பிறகு மெதுவாக, "வாப்பாட," என்றாள். ஒரு வருஷத்தில் நான் கேட்ட முதற்சொல் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

"வாப்பாவை எங்க?"

பிள்ளை கையை நீட்டி, பக்கத்தில் நின்ற தகப்பனைக் காட்டினாள். இதென்ன கேள்வி என்பது போல மிஸ்ஸைப் பார்த்தாள்.

அசன் நானாவுக்கு வெட்கமாகிவிட்டது. "ஆளைக் கீறு எண்டுதானே ரீச்சர்மார் சொன்னவை. நீ ஏன் மகள் உடுப்பைக் கீறினனி?"

சுலைகா தகப்பனுக்குத்தான் பதில் சொன்னாள், தெளிவாகச் சொன்னாள். "ஆளைக் கீறினா அதுக்கு உசிர் குடு எண்டு அல்லாஹ் கேப்பான் வாப்பா. எனக்கு உசிர் குடுக்கத் தெரியாது. அதான் சட்டையை மட்டும் கீறினன்."

அசன் நானா மெல்லப் பாயின் ஓரத்தில் இருந்துவிட்டார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"ஓதப் பள்ளியில லெப்பை அப்பிடி ஒருநாள் சொன்னவர்தான் மிஸ்," என்றார். "எல்லாப் பிள்ளையளுக்கும் சொன்னவர். எல்லாரும் கேட்டிட்டுப் போயிட்டினம். நானே அவ்வளவு யோசிக்கேல்ல. இது மட்டும் யோசிச்சிருக்கு. நான் பிள்ளைக்கு மூளை காணாது எண்டு நினைச்சிட்டன் மிஸ்."

"நானும் நினைச்சனான்," என்றார் மிஸ் சின்னத்தம்பி. எழும்பி, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டாமலே நடந்தார்.

திரும்பி வரும் வழியில் மீன் சந்தைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். "அந்த ரெண்டு பெடியளும் லெப்பையைத் தாடியோட கீறினவங்கள். அதைப் பாத்திட்டு, சோனகப் பிள்ளையளுக்கு இதில ஒரு தடையும் இல்லை எண்டு நான் முடிவெடுத்திட்டன். பாருமன், என்ர கேள்வியை நானே மறந்து போனன்."

"அப்ப சுலைகாவை ஏத்தலாம்தானே மிஸ்?"

"ஏத்த ஏலாது." அவர் தொடர்ந்தார். "அவளை மட்டும் ஏத்தினால், நான் இரக்கப்பட்டு ஏத்தினன் எண்டு ஆகும். அந்தப் பிள்ளைக்கு என்ர இரக்கம் தேவையில்லை. பிழை அளவுகோலில. எல்லாருக்கும் திருப்பி வைப்பம்."

மறுநாள் வகுப்பு முழுவதற்கும் மீண்டும் தாள் கொடுத்தார். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு சாமானைக் கீறுங்கோ" என்பதுதான் இந்த முறை கேள்வி. வந்த படங்களைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்துத் தரையில் இருந்துவிட்டோம். ஆளுக்குக் கழுத்து வைக்க மறந்த கீரிப் பிள்ளைகள் வள்ளத்துக்குப் பாய்மரம், சுக்கான், நங்கூரக் கயிறு எதையும் மறக்கவில்லை. மிஸ் சின்னத்தம்பிக்கு அவற்றில் பாதிக்குப் பெயரே தெரியாது. சாயங்காலம் கரைக்குப் போய், வள்ளம் தள்ளுகிறவர்களிடம் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு வந்து புள்ளி போட்டார். யாழ்ப்பாணத்து மிஸ் வள்ளம் வாங்கப் போகிறாவாம் என்று ஊரில் கதை உலாவியது.

சுலைகா கரத்தை கீறியிருந்தாள். சில்லுக்கு ஆரக்கால்கள், அச்சின் நுனியில் கடையாணி, பின்பக்கம் தொங்கும் லாம்பு. மாடு இல்லை. நுகத்தை முட்டுக்கட்டையில் தாங்கி வைத்திருந்தாள். நுகத்துக்கு முன்னால் இரண்டு வைக்கோல் குவியல். அதில் ஒன்று பாதி தின்றபடி கிடந்தது.

அந்தப் பாதிக் குவியலில் மிஸ் சின்னத்தம்பி விரலை வைத்தார். "இதுக்கு எத்தனை புள்ளி போடுறது எண்டு எனக்குத் தெரியேல்ல," என்றார். அவர் தெரியாது என்று சொன்னதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இராசன் தலைமன்னார் ரெயிலைக் கீறியிருந்தான். எஞ்சின், கரிப் பெட்டி, பெட்டிகளைக் கொளுவும் சங்கிலி, எல்லாம் இருந்தன. சொல்லிக் கொடுத்து வராத படம் அது. அன்று பின்னேரமே மிஸ் சின்னத்தம்பி என்னையும் கூட்டிக்கொண்டு கிளாக்கர் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"உங்கட மகனைப் போன வருஷம் மறிச்சது என்ர பிழை. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

சண்டைக்குத் தயாராக எழுந்து வந்த கிளாக்கர் மிஸ் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "இவன் எப்பவும் எஞ்சின்தான் கீறுவான் மிஸ். சிலேட்டைப் பழுதாக்கிறான் எண்டு நான் அடிச்சு அழிப்பிச்சனான்," என்றார். உள்ளே இருந்து இராசன் எட்டிப் பார்த்தான்.

ஆள் கீறும் முறையை அவர் தூக்கி எறியவில்லை. அதைப் பற்றி விரிவுரை செய்தவர்களைத் திட்டவும் இல்லை. "அந்தத் தாள் பொய் சொல்லேல்ல. ஒரு பிள்ளை எதைப் பாத்து வளந்திருக்கு, எதைக் கீறப் பயமில்லாமல் இருக்கு எண்டதைச் சொல்லுது. நாங்கள்தான் அதைப் பிள்ளையின்ர மூளை எண்டு வாசிச்சம்," என்றார். அதன்பின் வகுப்பேற்றத்துக்கு முதல் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போவது எங்கள் வழக்கமாகியது. முன்பு மறிப்பதைச் சொல்லப் போனோம், பிறகு தெரிந்துகொள்ளப் போனோம்.

அவருக்குப் பின்னும் எத்தனையோ புதுக் கொள்கைகள் வந்தன. எல்லாவற்றையும் ஆசையோடு படித்தேன், பெரும்பாலானவற்றில் உண்மை இருந்தது. பிள்ளையின் மனம் படிப்படியாக ஏறும் என்பதும் உண்மைதான். ஆனால் எந்தப் புத்தகத்தைப் படித்தாலும், எந்த ஊர்ப் பிள்ளையைப் பார்த்து இதை எழுதினார்கள் என்று கேட்டுக்கொள்வேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்கிறவர்கள், முதலில் அது என்ன பயிர் என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். புது உத்தரவைப் பற்றி என்னிடம் கேட்ட இரண்டு ஆசிரியைப் பிள்ளைகளுக்கும் இதுதான் என் மறுமொழி. எல்லாரையும் ஏற்றுங்கள், நல்லது. ஆனால் ஏற்ற வேண்டும் என்ற உத்தரவு இருக்கிறது என்பதற்காகப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

சுலைகாவுக்கு வகுப்பேற்றம் கிடைத்தது. அதைச் சொன்னபோது அசன் நானா சந்தோஷப்பட்டார், நன்றி சொன்னார். ஆனால் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொண்டச்சிக்குப் போய்விட்டார். வீட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஊருக்குப் போனால் சொந்தக்காரர் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த அலைச்சல் என்பார்கள். விடுமுறை முழுக்க எனக்கு அதே யோசனை. கோயிலில் இருந்தாலும் அதே யோசனை.

புதுத் தவணை தொடங்கிய நாள் அரிவரி வகுப்பில் வழக்கமான அமளி. புதுப் பிள்ளைகள் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். மணி அடித்து, முதலாம் வகுப்பு வரிசையாக உள்ளே போனது. நான் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சுலைகா இல்லை. சரி, முடிந்தது என்று திரும்பினேன்.

அப்போது வாசலில் கரத்தை வந்து நின்றது. மாடுகள் நுரை தள்ளிக்கொண்டிருந்தன, முதல்நாளே புறப்பட்டிருக்க வேண்டும். அசன் நானா முதலில் சுலைகாவை இறக்கினார். பிறகு இன்னொரு சின்னப் பெண் பிள்ளையை இறக்கினார். தன் தம்பியின் மகள், இனி தங்கள் வீட்டில் நின்று படிக்கப் போகிறாள் என்று என்னிடம் சொன்னார். அந்தப் பிள்ளை நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்காலில் நின்று பெயரைக் கேட்டேன். பதில் இல்லை. இன்னொருமுறை கேட்டேன்.

முதலாம் வகுப்புக்குப் போகப் புறப்பட்ட சுலைகா திரும்பி வந்தாள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள்.

"இவள் இப்ப கதைக்கமாட்டாள் ரீச்சர். ஆனா எல்லாம் விளங்கும். நீங்கள்தான் கொஞ்சம் பொறுக்கோணும்."